காரணம் பறிக்கப்பட்ட பகைவர்கள்: அதிரடிப் படங்களின் கதை ஓட்டைகளும் அரசியல் குழப்பமும்

அதிரடித் திரில்லர் என்று வழங்கப்படும் திரைப்பட வகை, நாட்டையோ நகரையோ காக்கப் போராடும் ஒரு நாயகன், அதை அழிக்க முனையும் ஒரு பகைவன், இருவருக்கும் இடையில் சுருங்கிக்கொண்டே வரும் கால அவகாசம் ஆகிய மூன்று கூறுகளால் ஆனது. இவற்றுள் நாயகன் யார் என்பதை நடிகரின் புகழே தீர்மானித்துவிடுகிறது. அவகாசத்தின் விறுவிறுப்பைப் படத்தொகுப்பு தந்துவிடுகிறது. பகைவன் யார், அவன் எதற்காக இதைச் செய்கிறான் என்ற கேள்விக்கு விடை சொல்ல வேண்டிய இடத்தில்தான் திரைக்கதை அரசியலைத் தொட நேர்கிறது. ரசிகர்கள் லாஜிக் ஓட்டை என்று குறிப்பிடும் குறை, அதாவது கதை தானே வகுத்துக்கொண்ட விதிகளுக்கு முரணாக ஒரு நிகழ்ச்சி அமைவது அல்லது காரணம் இல்லாமல் ஒரு விளைவு நேர்வது, பெரும்பாலும் எழுத்தாளரின் கவனக்குறைவாகவே கருதப்பட்டு வருகிறது. ஆனால் 1930-கள் முதல் வெளிவந்த ஹாலிவுட், பிரிட்டிஷ் படங்கள் சிலவற்றைக் கால வரிசையில் வைத்து ஆராய்ந்தால், பெரிய ஓட்டைகள் மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில், பகைவனின் நோக்கம் விளக்கப்பட வேண்டிய அந்த இடத்திலேயே, விழுந்திருப்பது புலப்படும். தணிக்கையும், ராணுவத்தின் தயவும், அயல்நாட்டுச் சந்தையும் வெவ்வேறு காலங்களில் அந்த நோக்கத்தைக் கதையிலிருந்து அகற்றின. நோக்கம் அகன்றபின் துரத்தலும் வெடிப்பும் மட்டும் எஞ்சி நின்றன. ஆகவே கதையின் ஓட்டையும் அரசியலின் குழப்பமும் இரு வேறு குறைகள் அல்ல, ஒரே குறையின் இரு தோற்றங்களே என்பதை இவ்வகைப் படங்களின் வரலாறு காட்டுகிறது.

பெயர் சொல்லப்படாத நாடுகள்

அமெரிக்கப் படத் தயாரிப்பு நிறுவனங்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட தயாரிப்பு நெறித்தொகுப்பு 1930-இல் எழுதப்பட்டு, 1934 முதல் ஜோசஃப் பிரீன் தலைமையில் கண்டிப்புடன் நடைமுறைப்படுத்தப்பட்டது. முத்தக்காட்சிகளையும் குற்றக்காட்சிகளையும் கட்டுப்படுத்திய ஆவணமாகவே அது பெரும்பாலும் நினைவுகூரப்பட்டாலும், பிற நாடுகளின் வரலாறும் நிறுவனங்களும் மக்களும் நியாயமாகச் சித்திரிக்கப்பட வேண்டும் என்ற விதியும் அதில் இடம்பெற்றிருந்தது. அந்த விதி நல்லெண்ணத்தில் பிறந்ததே என்றாலும், ஜெர்மானியச் சந்தையை இழக்க விரும்பாத நிறுவனங்களுக்கு அது வசதியான கவசமாயிற்று. லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஜெர்மானியத் தூதரக அதிகாரி கியோர்க் கிஸ்லிங் நாஜி அரசுக்கு எதிரான படங்களுக்குத் தொடர்ந்து ஆட்சேபம் தெரிவித்துவந்தார். வார்னர் பிரதர்ஸ் 1939-இல் வெளியிட்ட 'கன்ஃபெஷன்ஸ் ஆஃப் எ நாஜி ஸ்பை' வரும்வரை, பெரிய நிறுவனம் எதுவும் நாஜிகளைப் பெயர் சொல்லிக் குற்றஞ்சாட்டும் படத்தை எடுக்கவில்லை. பிரிட்டனிலும் திரைப்படத் தணிக்கை வாரியம் சர்ச்சைக்குரிய அரசியலையும் நட்பு நாடுகளைப் புண்படுத்தும் கதைகளையும் ஊக்குவிக்கவில்லை.

இச்சூழலில் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1938-இல் எடுத்த 'தி லேடி வேனிஷஸ்' இவ்வகையின் முதல் பாடமாக அமைகிறது. எத்தல் லைனா ஒயிட் 1936-இல் எழுதிய மூலநாவலில், ரயிலில் காணாமற்போகும் முதிய ஆசிரியை உளவாளி அல்லர்; ஒரு பிரபுவின் பொய்யை வெளிப்படுத்தக்கூடிய செய்தியொன்றைத் தான் அறியாமலே கண்டுவிட்ட சாட்சி, அவ்வளவே. படம் அவரை பிரிட்டிஷ் உளவாளியாக்கி, இரு ஐரோப்பிய நாடுகளுக்கு இடையிலான ரகசிய ஒப்பந்தம் ஒன்றின் விதியை இசை மெட்டாக அவர் மனப்பாடம் செய்துகொண்டு, பாண்ட்ரிகா என்ற கற்பனை நாட்டிலிருந்து ரயிலில் புறப்படுவதாகக் கதையை மாற்றியது. அவ்விரு நாடுகள் எவை, அந்த விதி யாருக்குக் கேடு செய்யும் என்பவை படத்தில் சொல்லப்படுவதில்லை. தந்தியும் தூதரகமும் இருக்க, ஒரு பேரரசின் பாதுகாப்பை ஏன் ஒரு மூதாட்டியின் நினைவாற்றலிடம் ஒப்படைக்க வேண்டும் என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஹிட்ச்காக்கே பிற்காலத்தில் பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா த்ரூஃபோவுடன் நிகழ்த்திய நீண்ட உரையாடலில், அச்செய்தியைப் புறாவின் காலில் கட்டி அனுப்பியிருக்கலாமே என்று இந்த ஓட்டையை ஒப்புக்கொண்டார்.

கதாபாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் தேடினாலும் பார்வையாளருக்கு அதன் உள்ளடக்கம் முக்கியமில்லாத பொருளை ஹிட்ச்காக் 'மெக்கஃபின்' என்று அழைத்தார். இது ஓர் அழகியல் உத்தி என்றே பாடநூல்கள் விளக்குகின்றன. அவ்விளக்கம் சரியே என்றாலும் முழுமையானதன்று. மியூனிக் உடன்படிக்கை கையெழுத்தான 1938 செப்டம்பர் இறுதியை ஒட்டித் திரைக்கு வந்த அப்படத்தில், எதிரிகளிடம் வெள்ளைக் கைக்குட்டையை அசைத்துச் சமாதானம் கோரிச் செல்லும் ஆங்கிலேயர் சுட்டுக் கொல்லப்படுகிறார். அக்காட்சி எந்த எதிரியைக் குறிக்கிறது என்பது அன்றைய லண்டன் பார்வையாளருக்குத் தெரிந்திருக்கும். சொல்ல விரும்பியதைச் சொல்ல முடியாத காலத்தில் அந்த வெற்றிடத்தை நிரப்பவும் மெக்கஃபின் பயன்பட்டது. அமெரிக்கா நடுநிலை வகித்துவந்த 1940-இல் ஹிட்ச்காக் எடுத்த 'ஃபாரின் கரஸ்பாண்டென்ட்' படத்திலும், ஐரோப்பா போரை நோக்கிச் சரிவதற்கான காரணங்கள் அனைத்தும் ஓர் ஒப்பந்தத்தின் ரகசியமான 27-ஆவது விதிக்குள் சுருக்கப்பட்டன.

வல்லரசின் இடத்தில் ஒரு குற்றக் கும்பல்

இரண்டாம் உலகப்போருக்குப் பின் பகைவனைப் பெயரிடும் தயக்கம் மறைந்து, சோவியத் ஒற்றர்கள் நிறைந்த படங்கள் ஏராளமாக வெளிவந்தன. ஆனால் பனிப்போரின் உச்சத்தில் தொடங்கிய ஜேம்ஸ் பாண்ட் தொடர் வேறொரு முடிவை எடுத்தது. இயான் ஃபிளெமிங் 1958-இல் வெளியிட்ட 'டாக்டர் நோ' நாவலில், கரீபியத் தீவொன்றிலிருந்து அமெரிக்க ஏவுகணைகளைத் திசைதிருப்பும் வில்லன் சோவியத் ஒன்றியத்துக்காக வேலை செய்கிறான். ஆதலால் அவனுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அச்செயலால் யாருக்கு ஆதாயம் என்ற கேள்விகளுக்கு நாவல் விடை வைத்திருக்கிறது. கியூபா ஏவுகணை நெருக்கடிக்குச் சில நாட்களுக்கு முன், 1962 அக்டோபர் 5 அன்று லண்டனில் வெளியான படத்தில் அவன் ஸ்பெக்டர் என்ற பன்னாட்டுக் குற்ற அமைப்பின் உறுப்பினனாகிவிடுகிறான். தன்னை ஏற்க மறுத்த கிழக்கையும் மேற்கையும் ஒருசேரப் பழிவாங்குவதே அவனுடைய விளக்கம். மிரட்டிப் பணம் பறிப்பதைத் தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பு, யாரிடமும் எதையும் கோராமல் அணு உலையும் தனித் தீவும் வைத்து ராக்கெட்டுகளைக் கவிழ்ப்பதால் பெறுவது என்ன என்பது தெளிவாக்கப்படவில்லை.

ஸ்பெக்டர் என்ற அமைப்பு, 1959-இல் கெவின் மெக்லோரி முதலானோருடன் சேர்ந்து ஃபிளெமிங் உருவாக்க முயன்ற ஒரு திரைக்கதையில் தோன்றி, 1961-இல் 'தண்டர்பால்' நாவலில் அச்சேறியது. பனிப்போர் தணிந்துவிட்டால் சோவியத் வில்லன்கள் பழையவர்களாகிவிடுவார்கள் என்ற கணிப்பு அதன் பின்னணியில் இருந்தது. எந்த நாட்டுப் பார்வையாளரையும் பகைத்துக்கொள்ளாத வில்லன் வணிகத்துக்கும் உகந்தவனாக இருந்தான். இம்மாற்றத்தின் விலையை, 'டாக்டர் நோ' படத்துக்கு அடுத்த ஆண்டு வெளியான 'ஃப்ரம் ரஷ்யா வித் லவ்' நெருக்கத்தில் காட்டுகிறது. 1957-இல் வந்த மூலநாவலில் சதியின் நோக்கம் ஒன்றே: பிரிட்டிஷ் உளவுத்துறையின் மானத்தை வாங்கும் வகையில் பாண்டை ஓர் அவதூறில் சிக்கவைத்துக் கொல்லவேண்டும் என்று சோவியத் கொலைப்பிரிவு தீர்மானிக்கிறது, சங்கேதக் கருவி அதற்கான தூண்டில் மட்டுமே. படத்திலோ சோவியத் கருவியை பாண்டின் கையால் திருடவைத்து அதைச் சோவியத்துக்கே விற்றுப் பணம் பண்ணுவது, டாக்டர் நோவின் சாவுக்குப் பழிவாங்குவது, இரு வல்லரசுகளின் பகையை வளர்ப்பது என நோக்கம் பல கிளைகளாகப் பிரிகிறது. ரகசியமாக அணிமாறிய சோவியத் அதிகாரியான ரோசா கிளெப், தான் இன்னும் தாய்நாட்டுக்கே உழைப்பதாக டாட்டியானா என்ற இளம் பெண்ணை நம்பவைக்க வேண்டியிருக்கிறது. ஓர் அரசுக்கு இயல்பாக இருந்த காரணத்தை எடுத்துவிட்டு அவ்விடத்தில் ஒரு கும்பலை அமர்த்தியதால், ஒன்றுக்குப் பதில் மூன்று விளக்கங்கள் தேவைப்பட்டன.

பாண்ட் தொடர் பின்னர் உண்மையான போர் ஒன்றுக்குள் நுழைந்தபோது குழப்பம் இன்னும் கூடியது. 1987-இல் வெளியான 'தி லிவிங் டேலைட்ஸ்' படத்தில் ஆப்கானிஸ்தானில் சோவியத் படையை எதிர்க்கும் முஜாஹிதீன் போராளிகளுடன் பாண்ட் கைகோக்கிறார். ஆனால் முதன்மை வில்லன்களோ சோவியத் அரசையே ஏமாற்றும் ஒரு தளபதியும் ஓர் அமெரிக்க ஆயுத வியாபாரியும் ஆவர். ஆயுதம் வாங்கச் சோவியத் தந்த முன்பணம் வைரமாகி, வைரம் அபினாகி, அபின் மீண்டும் பணமாக வேண்டும் என்ற அச்சங்கிலியில், அபினை விற்போர் ஆப்கானியர்களே. நாயகனின் தோழர்களும் அவன் தடுக்க வந்த வணிகமும் ஒரே மலைப்பாதையில் சந்திக்கும்போது, அப்போரின் நிதி எவ்வாறு திரட்டப்பட்டது என்ற கனமான கேள்வி திரையில் ஒரு கணம் தோன்றி, குண்டுவெடிப்பின் புகையில் விடையின்றி மறைந்துவிடுகிறது.

காரணத்தைக் கைவிடாத படங்கள்

விறுவிறுப்புக்கும் தெளிவான அரசியலுக்கும் பொருந்தாது என்ற வாதத்தை மறுக்கும் சான்றுகளும் இதே காலத்தில் தோன்றின. கிரேக்க நாடாளுமன்ற உறுப்பினரும் அமைதி இயக்கத்தவருமான கிரிகோரிஸ் லாம்பிராகிஸ் 1963 மே மாதம் தெசலோனிகி நகரில் தாக்கப்பட்டு இறந்ததையும், காவல்துறை அதற்கு உடந்தையாக இருந்ததையும் அடிப்படையாகக் கொண்டு, வாசிலிஸ் வாசிலிகோஸின் நாவல்வழி கோஸ்டா காவ்ராஸ் 1969-இல் எடுத்த 'ஸீ' என்ற படம் கடைசி நிமிடம்வரை இருக்கை நுனியில் அமரவைப்பது. 1967-இல் ராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிவிட்டதால் கிரேக்கத்தில் படமெடுக்க இயலாமல், அல்ஜீரியத் தலைநகர் அல்ஜியர்ஸில் படப்பிடிப்பு நடைபெற்றது. கதை நிகழும் நாட்டின் பெயர் படத்தில் சொல்லப்படுவதில்லை. ஆயினும் உண்மை நிகழ்ச்சிகளோடும் மனிதர்களோடும் காணப்படும் ஒற்றுமை தற்செயலானதன்று, வேண்டுமென்றே வைக்கப்பட்டது என்ற அறிவிப்போடு அது தொடங்குகிறது. யார் யாருக்கு ஆணையிட்டார்கள், ஏன் ஆணையிட்டார்கள் என்ற சங்கிலியை விசாரணை நீதிபதி ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துச் செல்வதே அதன் கதையோட்டம் என்பதால், அங்கு அரசியலே தர்க்கமாகச் செயல்படுகிறது. ஆகவே இங்கு வலியுறுத்தப்படுவது பகைவனின் பெயர் அன்று, அவனுடைய காரணமே என்பது தெளிவாகும்.

அமெரிக்காவில் சிட்னி போலாக் 1975-இல் இயக்கிய 'த்ரீ டேஸ் ஆஃப் தி காண்டர்' மற்றொரு சான்று. நூல்களைப் படித்துக் குறிப்பெடுக்கும் உளவுத்துறையின் சிறு அலுவலகம் ஒன்றில் அனைவரும் சுட்டுக் கொல்லப்படுவதற்கு, ஜேம்ஸ் கிரேடியின் மூலநாவல் போதைப்பொருள் கடத்தலைக் காரணமாகச் சொன்னது. 1973-இன் எண்ணெய்த் தடைக்குப் பின் எடுக்கப்பட்ட படம், மத்தியக் கிழக்கின் எண்ணெய் வயல்களைக் குறிவைத்து உளவுத்துறைக்குள் தீட்டப்பட்ட ரகசியத் திட்டம் ஒன்றை அதன் இடத்தில் வைத்தது. அமெரிக்க செனட்டின் சர்ச் குழு உளவு நிறுவனங்களின் அத்துமீறல்களை விசாரித்துக்கொண்டிருந்த ஆண்டு அது. மூலத்தை மாற்றுவதே ஓட்டைக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும், காரணத்தைக் கூர்மையாக்கும் மாற்றம் கதையையும் இறுக்கமாக்கும் என்பதையும் இப்படம் உறுதிப்படுத்துகிறது.

வென்றதாக ஆக்கப்பட்ட போர்

டேவிட் மொரெல் 1972-இல் எழுதிய 'ஃபர்ஸ்ட் பிளட்' நாவல், வியட்நாம் போரிலிருந்து திரும்பிய ஒரு வீரனுக்கும் சிற்றூர்க் காவல் அதிகாரிக்கும் இடையே மூளும் மோதலில் இருவருமே அழிவதாக முடிகிறது. போர் தன் மக்களையே எவ்வாறு வேட்டையாடுகிறது என்பதே அதன் பொருள். 1982-இல் வந்த படத்திலும் நாயகன் ராம்போ சாவதாக ஒரு முடிவு படமாக்கப்பட்டு, முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர் விரும்பாததால் கைவிடப்பட்டது. உயிர்பிழைத்த ராம்போ 1985-இல் இரண்டாம் பாகத்தில் வியட்நாமுக்கே அனுப்பப்படுகிறார்: போர் முடிந்து பத்தாண்டுகளுக்கு மேலாகியும் அமெரிக்கக் கைதிகள் அங்கு அடைத்துவைக்கப்பட்டிருக்கிறார்கள் என்பது அதன் அடிப்படை.

இந்நம்பிக்கை திரைக்கு வெளியே பெரும் வலியிலிருந்து பிறந்தது. 1973-இன் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் 591 அமெரிக்கக் கைதிகள் தாயகம் திரும்பினர். காணாமற்போன மற்றவர்களின் குடும்பங்கள் விடை தெரியாமல் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தன. ஜான் கெரி தலைமையிலான செனட் குழு 1991 முதல் விசாரித்து, எவரும் உயிரோடு சிறையில் இருப்பதற்கு வலுவான சான்று இல்லை என்று 1993-இல் முடிவுரைத்தது. படத்திலோ அவ்வலி பழிவாங்கும் கதையாக உருமாறுகிறது. பகைவர் யார் என்ற கேள்விக்கு வியட்நாமியர், அவர்களை ஆட்டிவைக்கும் சோவியத் அதிகாரிகள், உண்மையை மறைக்கும் வாஷிங்டன் அதிகாரி என மூன்று விடைகள் ஒரே நேரத்தில் தரப்படுகின்றன. கைதிகள் யாரும் இல்லை என்று நிறுவி விவகாரத்தை மூடுவதே நோக்கமாயின், ஒப்பற்ற போர்த்திறன் கொண்ட ஒருவனை அப்பணிக்குத் தேர்ந்தெடுத்தது ஏன் என்பது இப்படத்தின் பெரிய ஓட்டை. போர்ச் சேதத்துக்குத் தருவதாகச் சொன்ன பணத்தை அமெரிக்கா தராததே கைதிகள் பிடித்துவைக்கப்படக் காரணம் என்று ஓரிடத்தில் உரையாடல் குறிப்பிடுகிறது. அதிபர் நிக்சன் 1973 பிப்ரவரியில் ஹனோய் அரசுக்கு எழுதிய கடிதத்தில் மறுசீரமைப்புக்காக 325 கோடி டாலர் அளவிலான உதவியைக் குறிப்பிட்டதும், அது வழங்கப்படாமலே போனதும் வரலாறு. வியட்நாமியர் தரப்பில் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்பதற்கான வாசல் அந்த ஒரு வரியில் திறந்து, அடுத்த வரியில் மூடப்படுகிறது.

மூன்றாம் பாகத்தை வரலாறே முந்திக்கொண்டது. ஆப்கானிஸ்தானில் சோவியத் படையுடன் ராம்போ மோதும் அப்படம் 1988 மே 25 அன்று வெளியானது. ஏப்ரல் 14 அன்று கையெழுத்தான ஜெனீவா உடன்படிக்கையின்படி சோவியத் படைகள் மே 15 அன்றே வெளியேறத் தொடங்கிவிட்டன. ஒரு நாட்டின் துயரம் எப்படித் தொடங்கியது, போராளிக் குழுக்கள் தமக்குள் எவ்வாறு பிளவுபட்டிருந்தன, அந்நியப் படை போனபின் என்ன ஆகும் என்ற கேள்விகளில் எதையும் கேளாத கதை, பத்து நாள் இடைவெளியில் காலாவதியானதில் வியப்பில்லை.

கடனாகப் பெற்ற போர்விமானங்கள்

அதிரடிப் படங்களுக்குப் போர்க்கப்பலும் விமானமும் தேவை. அவை ராணுவத்திடம் மட்டுமே உள்ளன. முதல் ஆஸ்கர் விழாவில் சிறந்த படமாகத் தேர்வான 'விங்ஸ்' 1927-இலேயே அமெரிக்கத் தரைப்படையின் பெரும் உதவியோடு எடுக்கப்பட்டது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் இவ்வுதவிக்கென பென்டகனில் தனி அலுவலகம் அமைந்தது. தயாரிப்பாளர் திரைக்கதையை அங்கு அளிக்கவேண்டும், கேட்கப்படும் மாற்றங்களைச் செய்யவேண்டும், முடிந்த படத்தை வெளியீட்டுக்கு முன் காட்டவேண்டும் என்பவை அதன் நடைமுறைகள். உடன்படாத படத்துக்குக் கருவிகள் கிடையா. இது சட்டப்படியான தணிக்கை அன்று என்றாலும், தனியாரிடம் கிடைக்காத ஒரு பொருளுக்குத் தரப்படும் விலையாகத் திரைக்கதையே ஆகிவிடுகிறது.

கடற்படையின் ஒத்துழைப்போடு 1986-இல் வெளியான 'டாப் கன்' இதன் விளைவை எடுத்துக்காட்டுகிறது. இந்தியப் பெருங்கடலில் நிகழும் அதன் இறுதி வான்சண்டையில் எதிரிகள் ஓட்டுவது மிக்-28 என்ற விமானம். அப்படியொரு விமானம் உலகில் இருந்ததில்லை. சோவியத்தின் மிக் போர்விமானங்கள் ஒற்றைப்படை எண்களையே தாங்கிவந்தன, திரையில் பறந்தவையோ கறுப்பு வண்ணம் பூசப்பட்ட அமெரிக்க எஃப்-5 விமானங்கள். அவற்றை ஓட்டுவோரின் முகம் தலைக்கவசத்தில் மறைந்திருக்கிறது, நாட்டின் பெயர் சொல்லப்படுவதில்லை, அவர்கள் ஏன் சுடத் தொடங்கினார்கள் என்பதும் விளக்கப்படுவதில்லை. அமைதிக்காலத்தில் ஒரு நாட்டின் போர்விமானங்கள் பல சுட்டு வீழ்த்தப்பட்டபின் எந்தப் பின்விளைவும் இன்றிக் கொண்டாட்டத்தோடு கதை முடிகிறது. வீரம் மட்டும் வேண்டும், அதை வேண்டவைக்கும் வெளியுறவுக் கொள்கை பற்றிய பேச்சு வேண்டாம் என்ற ஏற்பாட்டில் போரின் தொடக்கமும் முடிவும் கதைக்கு வெளியே தள்ளப்பட்டுவிட்டன.

பொய்யாகக் கேட்கப்பட்ட விடுதலை

ரோடரிக் தோர்ப் 1979-இல் எழுதிய 'நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்' நாவலில், லாஸ் ஏஞ்சலஸின் உயர்ந்த கட்டடம் ஒன்றைக் கைப்பற்றுவோர் உண்மையான அரசியல் தீவிரவாதிகள். சிலியின் ராணுவ ஆட்சியோடு ஓர் எண்ணெய் நிறுவனம் நடத்திய பேரத்தை அம்பலப்படுத்துவது அவர்களின் குறிக்கோள். அந்நாவலிலிருந்து 1988-இல் ஜான் மெக்டீர்னன் உருவாக்கிய 'டை ஹார்ட்' படத்தில், அரசியல் என்பது கொள்ளைக்காரர்கள் அணிந்த வேடமாகிவிட்டது. பெட்டகத்தின் கடைசிப் பூட்டைத் திறக்க மின்சாரம் துண்டிக்கப்படவேண்டும். தீவிரவாதிகள் என்று நம்பினால் எஃப்.பி.ஐ. தன் கையேட்டின்படி மின்சாரத்தைத் துண்டிக்கும். அதற்காகவே ஹான்ஸ் குரூபர் என்ற தலைவன் உலகெங்கும் சிறையில் வாடும் போராளிகளின் விடுதலையைக் கோருகிறான். வட அயர்லாந்து, கியூபெக் அமைப்புகளுக்கு அடுத்ததாக அவன் குறிப்பிடுவது இலங்கையின் 'ஏசியன் டான்' என்ற அமைப்பு. அவர்களைப் பற்றி ஒரு வார இதழில் படித்ததாகத் தன் கூட்டாளியிடம் தாழ்ந்த குரலில் சொல்கிறான். அவ்வமைப்பு கற்பனையே. ஆனால் 1983-இன் வன்முறைக்குப் பின் உள்நாட்டுப் போரில் சிக்கி, 1987-இன் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பின்னரும் ரத்தம் நிற்காத தீவின் பெயர் கற்பனையன்று. ஒரு மக்களின் வாழ்வும் சாவும் தொலைவிலிருந்து பார்ப்போருக்கு ஓர் இதழின் துணுக்காகவே போய்ச்சேர்ந்தன என்பதற்கு, தமிழ் வாசகர் கவனிக்கவேண்டிய ஆவணமாக அக்காட்சி நிற்கிறது.

இப்படத்தின் புகழ்பெற்ற ஓட்டை வேறு வகையைச் சேர்ந்தது. கொள்ளையர் வந்திறங்கும் சரக்கு வண்டிக்குள் ஆட்கள் மட்டுமே இருக்கிறார்கள். இறுதியில் அதே வண்டிக்குள்ளிருந்து தப்பிச் செல்வதற்கான ஓர் ஆம்புலன்ஸ் வெளியே வருகிறது. திரைக்கதை முடிவுறாத நிலையிலேயே படப்பிடிப்பு தொடங்கியதால் ஆம்புலன்ஸ் பற்றிய எண்ணம் பின்னரே தோன்றியது. வண்டிக்குள் அது இல்லாததைக் காட்டிக்கொடுத்த காட்சியில்தான் கொள்ளையர் தம் ஒரே மாதிரியான கைக்கடிகாரங்களைச் சரிபார்க்கிறார்கள். அது வெட்டப்பட்டதால், பணயக்கைதியாக நடிக்கும் குரூபரை நாயகன் எவ்வாறு அடையாளம் கண்டான் என்பதற்கான தடயமும் உடன் போனதாகத் திரைக்கதையாசிரியர் ஸ்டீவன் டி சூசா விளக்கியிருக்கிறார். தொழில்நெருக்கடியால் நேரும் இத்தகைய ஓட்டை கதையின் முதுகெலும்பைத் தொடுவதில்லை. திருடனுக்குத் திருட்டே நோக்கம் என்பது தெளிவாக இருப்பதால், படத்தின் காரண-காரியத் தொடர்ச்சி உறுதியாக நிற்கிறது. கைத்தொழிலின் பிழையையும் காரணம் பறிபோனதால் வரும் சிதைவையும் பிரித்தறிய இது நல்ல அளவுகோல்.

அவ்வளவுகோலால் அடுத்த பத்தாண்டுகளின் படங்களை அளந்தால் வேறுபாடு விளங்கும். ஜேம்ஸ் கேமரூனின் 'ட்ரூ லைஸ்' 1994-இல் வெளியானபோது அராபிய-அமெரிக்க அமைப்புகள் அதன் சித்திரிப்பை எதிர்த்துக் குரல் எழுப்பின. அணுகுண்டோடு வந்திருக்கும் கும்பலின் தலைவன், தன் ஊர்கள் மீது குண்டு வீசப்பட்டதையும் பாரசீக வளைகுடாவிலிருந்து அமெரிக்கப் படைகள் வெளியேறவேண்டும் என்பதையும் ஒளிப்பதிவுக் கருவி முன் உரைக்கும்போது, கருவியின் மின்கலம் தீர்ந்துபோகிறது. கருவியைப் பிடித்திருப்பவன் அதைச் சொல்லவும் அஞ்சி நிற்க, திரையரங்கு சிரிக்கிறது. பகைவனின் காரணம் ஒலிக்கும் ஒரே கணத்தில் அதைக் கேட்கவிடாமல் செய்வதையே இக்காட்சி தன் பணியாகக் கொண்டுள்ளது. டாம் கிளான்சியின் 'தி சம் ஆஃப் ஆல் ஃபியர்ஸ்' 1991-இல் நாவலாக வந்தபோது அதில் இடம்பெற்ற பாலஸ்தீனத் தீவிரவாதிகள், 2002-இன் படத்தில் ஐரோப்பிய நவநாஜிகளாக மாற்றப்பட்டனர். ஒரு சமூகத்தையே பழிக்காதிருக்க விரும்பிய அம்மாற்றம் மதிக்கத்தக்கது. ஆனால் புதிய பகைவனுக்குப் புதிய காரணம் கட்டப்படாததால், அமெரிக்காவையும் ரஷ்யாவையும் அணுப்போரில் அழியவைத்துவிட்டு இடையிலுள்ள ஐரோப்பாவை ஆளலாம் என்று எண்ணும் சதிகாரர்கள் கிடைத்தார்கள்.

கொடி மாற்றப்பட்ட படையெடுப்பு

ஜான் மிலியஸ் 1984-இல் இயக்கிய 'ரெட் டான்', கொலராடோவின் கற்பனைச் சிற்றூர் ஒன்றில் சோவியத், கியூபப் படைகள் வான்வழி இறங்குவதோடு தொடங்குகிறது. நம்பமுடியாத அந்நிகழ்ச்சிக்கு முன்னுரையாக, சோவியத்தின் கோதுமை விளைச்சல் பொய்த்தது, போலந்தில் கலகம் மூண்டது, மத்திய அமெரிக்க நாடுகள் வீழ்ந்தன, மெக்சிகோவில் புரட்சி வெடித்தது, நேட்டோ கலைந்தது என்ற வரிசையை எழுத்தில் காட்டிவிட்டே அது கதைக்குள் செல்கிறது. அவ்வரிசையை ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் படையெடுப்புக்குக் காரணம் வேண்டும் என்ற கடமை அதில் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கிறது.

அதன் மறுஆக்கம் 2009-இல் மிச்சிகனில் படமாக்கப்பட்டபோது படையெடுப்போர் சீனர்கள். தயாரிப்பு நிறுவனமான எம்.ஜி.எம். கடனில் மூழ்கியதால் படம் கிடப்பில் கிடந்தது. இதற்கிடையில் சீன நாளிதழ் ஒன்று படத்தைக் கண்டித்தது, சீனாவோ உலகின் மிக வேகமாக வளரும் திரைச்சந்தையாகிக்கொண்டிருந்தது. படப்பிடிப்பு முடிந்து நெடுநாள் கழித்து, பத்து லட்சம் டாலருக்கும் குறைவான செலவில், கொடிகளிலும் சீருடைச் சின்னங்களிலும் சுவரொட்டிகளிலும் இருந்த சீன அடையாளங்கள் கணினியால் அழிக்கப்பட்டு வடகொரிய அடையாளங்கள் பதிக்கப்பட்டன. தொடக்க முன்னுரை புதிதாகத் தொகுக்கப்பட்டு, சில காட்சிகள் வெட்டி ஒட்டப்பட்டன. 2012 நவம்பரில் வெளியான படத்தில், ஏறத்தாழ இரண்டரைக் கோடி மக்கள் கொண்ட ஒரு வறிய நாடு, 31 கோடிக்கும் மேற்பட்ட மக்கள் வாழும் ஒரு வல்லரசின் நிலத்தைக் கைப்பற்றுகிறது. அக்கணக்கு பொருந்தாது என்பதால் பின்னணியில் ரஷ்யத் துணை சேர்க்கப்பட்டது. ரஷ்யா ஏன் துணைநிற்கிறது என்பது மற்றொரு விடையற்ற கேள்வியாயிற்று. நடிகர்கள், சண்டைகள், தெருக்கள் எல்லாம் அப்படியே இருக்க, பகைவனின் தேசம் மட்டும் மாற்றப்பட முடிந்தது என்ற உண்மை, அக்கதையில் அவனுடைய காரணம் தொடக்கத்திலிருந்தே எவ்வளவு மெலிந்திருந்தது என்பதற்கு மறுக்கமுடியாத சான்றாகும்.

சந்தையின் கணக்கு பின்னர் இன்னும் வெளிப்படையானது. ஆண்டுக்கு 20 அயல்நாட்டுப் படங்களை மட்டுமே வருவாய்ப் பங்கு முறையில் அனுமதித்த சீனா, 2012-இன் உடன்பாட்டின்படி அவ்வெண்ணிக்கையை 34-ஆகவும், தயாரிப்பாளரின் பங்கை 25 விழுக்காடாகவும் உயர்த்தியது. 'டாப் கன்: மேவரிக்' படத்தின் முன்னோட்டம் 2019-இல் வெளியானபோது நாயகனின் பழைய சட்டையிலிருந்த தைவான், ஜப்பான் கொடிகள் மாற்றப்பட்டிருந்தன, 2022-இல் வெளியான படத்தில் அவை மீண்டும் இடம்பெற்றன. கொடிகள் திரும்பினாலும் பகைவனுக்குப் பெயர் திரும்பவில்லை. யுரேனியத்தைச் செறிவூட்டும் தளமும், படம் வெளியானபோது ஈரான் மட்டுமே இயக்கிவந்த எஃப்-14 விமானமும், ஈரானிடம் இல்லாத நவீன ஐந்தாம் தலைமுறைப் போர்விமானங்களும் ஒருசேரக் கொண்ட ஒரு பனிமலை நாடு அப்படத்துக்காகக் கற்பிக்கப்பட்டது. ஒரு நாட்டின் அணுத்தளத்தை முன்னறிவிப்பின்றித் தாக்கும் செயலின் சட்டமும் விளைவும் 1986-இல் போலவே கதைக்கு வெளியே நின்றன.

ஓட்டையைப் படிக்கும் முறை

இப்படங்களைப் பொழுதுபோக்கு என்று கூறி விவாதத்தை முடித்துவிடுவது எளிது. ஆனால் வியட்நாம், ஆப்கானிஸ்தான், வளைகுடா ஆகிய பெயர்களைப் பலர் முதலில் கேட்டிருக்கக்கூடியது பாடநூலில் அன்று, இத்தகைய படங்களில்தான். அப்பெயர்களோடு ஒரு முகமற்ற பகைவனும் அவனுடைய விளக்கமற்ற வெறியும் சேர்ந்தே மனதில் பதிகின்றன. மகிழ்ச்சி தரும் கலைக்கு அரசியல் பாடம் நடத்தும் கடமை இல்லை. 'டை ஹார்ட்' போலத் திருட்டைத் திருட்டென்றே சொல்லும் நேர்மையும், 'ஸீ' போல அதிகாரத்தின் சங்கிலியைத் தொடர்ந்து செல்லும் துணிவும் இவ்வகைக்குள்ளேயே சாத்தியம் என்பதை வரலாறு காட்டியிருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைதான் கேடானது: உண்மையான போர்களின் உணர்ச்சியைக் கடன் வாங்கிக்கொண்டு அவற்றின் காரணங்களை வாசலிலேயே விட்டுவிடும் படம், பார்வையாளரின் அச்சத்தைப் பயன்படுத்துகிறதேயன்றி அதற்கு விளக்கம் தருவதில்லை.

ஆதலால் கதை ஓட்டைகளை எண்ணிக் காட்டுவதோடு நின்றுவிடாமல், ஒவ்வொன்றும் எங்கு விழுந்திருக்கிறது, அவ்விடத்தில் மூலநாவலிலோ முதல் திரைக்கதையிலோ என்ன இருந்தது, அதை அகற்றும்படி கேட்டது யார் என்று ஆராய்வதே திரைப்பட வரலாற்றாசிரியர் மேற்கொள்ளவேண்டிய பணியாகும். அவ்வாறு ஆராயும்போது, ஒரு படத்தின் மிகப் பலவீனமான காட்சியே அக்காலத்தின் அதிகார உறவுகளைப் பற்றிய மிகத் தெளிவான சான்றாக அமையக்கூடும். பார்வையாளருக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: இந்தப் பகைவன் ஏன் இதைச் செய்கிறான் என்ற எளிய கேள்வியைத் திரையரங்கில் கேட்கப் பழகியவர்கள், ஓர் உண்மையான நாட்டின் மீது உண்மையான போர் தொடுக்க யாரேனும் ஆதரவு கோரும் நாளில், அதே கேள்வியைத் தயக்கமின்றிக் கேட்பார்கள்.